பத்துப் பேர் சொன்ன பொய்யும் பன்னிரண்டு ஆண்டுத் தண்டனையும்

சில மாதங்களுக்கு முன் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான ஒரு விளையாட்டு விழாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். 50 மீட்டர் ஓட்டம். எட்டுப் பேர் ஓடினார்கள். சிறப்பு விருந்தினர் எட்டுப் பேர் கழுத்திலும் ஒரே மாதிரிப் பதக்கத்தை மாட்டினார், ஒவ்வொருவரோடும் போட்டோ எடுத்துக்கொண்டார், காரில் ஏறிப் போய்விட்டார். மேடையிலிருந்து இறங்கி வந்த ஒரு பையன், பதினாறு வயது இருக்கும், என் கையைப் பிடித்துக் கேட்டான்: "அக்கா, நான் எத்தனாவது வந்தேன்?"

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்த யாருக்குமே தெரியவில்லை. யாரும் குறித்து வைக்கவில்லை. மைதானத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச் கூட இல்லை. "எல்லாருமே ஃபர்ஸ்ட்டுதான் தம்பி" என்றார் பக்கத்தில் நின்ற ஆசிரியர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பையன் அதை நம்பவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. தான் முதலில் வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவதா, ஐந்தாவதா என்பதுதான் அவன் கேள்வி.

'நான் எத்தனாவது' என்று கேட்கும் உரிமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த உரிமை ஒருமுறை கிடைத்து, பிடுங்கப்பட்டு, பாதியாகத் திரும்பக் கிடைத்தது. நம் இயக்கங்களில் மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிப் பேசுகிறோம். அதற்குள்ளும் கடைசி வரிசையில் நிற்கும் இவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

1960களின் தொடக்கத்தில் கனடாவின் டொரண்டோவில் ஃபிராங்க் ஹேடன் என்ற ஆய்வாளர் இந்தப் பிள்ளைகளின் உடற்தகுதியை அளந்து பார்த்தார். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். அன்றைய மருத்துவம் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தது: மூளை வளராதபோது உடலும் அப்படித்தான் இருக்கும். ஹேடன் அதை ஏற்கவில்லை. இவர்களை யாரும் ஓடவிட்டதே இல்லை, விளையாட்டு வகுப்பில் சேர்த்ததில்லை, தெருவில் இறங்கவிட்டதில்லை, பிறகு உடம்பு எப்படி வலுவாகும் என்று கேட்டார். முறையான பயிற்சி கொடுத்தபோது தகுதி கூடியது. குறை பிள்ளைகளிடம் இல்லை, மறுக்கப்பட்ட வாய்ப்பில் இருந்தது. படிக்கவிடாமல் வைத்துவிட்டு 'இவர்களுக்குப் படிப்பு வராது' என்று சொன்ன சமூகத்தில் பிறந்த நமக்கு, ஹேடன் சொன்னதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹேடனின் ஆய்வு அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவரின் கையில் கிடைத்தது. அதிபர் கென்னடியின் தங்கை. யூனிஸின் மூத்த சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1941-இல், அவருக்கு 23 வயதாக இருந்தபோது, தந்தை ஜோசப் கென்னடியின் ஏற்பாட்டில் அவர் மூளையில் லொபாட்டமி என்ற அறுவை செய்தார்கள். நடக்கவும் பேசவும் முடியாத நிலைக்குப் போய்விட்டார். அதன்பின் பல்லாண்டுகள் ஒரு காப்பகத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தார். நாட்டிலேயே அதிகாரம் மிக்க குடும்பங்களில் ஒன்று, பணத்துக்கும் பதவிக்கும் குறைவில்லை, ஆனாலும் அந்தப் பெண்ணை மறைக்கத்தான் தோன்றியது. 1962-இல்தான் யூனிஸ் ஒரு பத்திரிகையில் தன் சகோதரியைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு தன் வீட்டுப் புல்வெளியிலேயே இந்தப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார்.

1968 ஜூலை 20, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானம். நகரப் பூங்காத் துறையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த ஆன் மெக்ளோன் பர்க் முன்வைத்த யோசனை, யூனிஸின் அறக்கட்டளை கொடுத்த பணம். அமெரிக்காவின் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஏறத்தாழ ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். பார்வையாளர் இருக்கைகள் பெரும்பாலும் காலி. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இப்படித்தான் பிறந்தது. 1988-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதை அங்கீகரித்தது. இந்தியாவில் இன்று ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்ற பெயரில் நடக்கிறது.

இந்த இயக்கம் பற்றி எனக்கு இரண்டு மனம். பெரிய மனிதர்களின் கருணை முகாமாக, புன்னகைப் புகைப்படங்களின் தொழிற்சாலையாக அதைக் காட்டும் விமர்சனங்களில் உண்மை உண்டு. நான் பார்த்த விழா அந்த வகைதான். ஆனால் அந்த விழாவின் குறையை ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விதிகள்மேல் ஏற்றுவது நியாயமில்லை. அந்த விதிகளின்படி எல்லோருக்கும் ஒரே பதக்கம் கிடையாது. முதலில் ஒரு சுற்று நடத்தி நேரத்தைக் குறிப்பார்கள். வயது, பாலினம், திறன் பார்த்து ஏறக்குறைய சமமானவர்களை ஒரு பிரிவில் சேர்ப்பார்கள். அந்தப் பிரிவுக்குள் நிஜமான போட்டி நடக்கும். முதல் மூவருக்குத்தான் பதக்கம், மற்றவர்களுக்கு ரிப்பன். மெதுவாக ஓடுகிறவருக்கும் அங்கே ஜெயிக்க ஒரு வாய்ப்பு உண்டு, தோற்கவும் ஒரு வாய்ப்பு உண்டு. நம் ஊரில் ஸ்டாப் வாட்ச்சை மறந்துவிட்டு மாலையையும் கேமராவையும் மட்டும் எடுத்துவந்தால் அதற்குச் சிகாகோ என்ன செய்யும்?

இருந்தாலும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் கிடைக்காத ஒன்று இருந்தது. 'இந்தத் தூரத்தை என்னைப் போன்றவர்களில் உலகிலேயே வேகமாக ஓடுவது யார்' என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வேறு வழியில் போனார்கள். 1986-இல் நெதர்லாந்தில் இவர்களுக்கான சர்வதேச விளையாட்டுச் சங்கம் தொடங்கியது. சுருக்கமாக இனாஸ். இன்றைய பெயர் விர்ட்டஸ். அதன் குறி பாராலிம்பிக்.

பாராலிம்பிக் உடனே கதவைத் திறக்கவில்லை. கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் போட்டியிட்ட 1992 பார்சிலோனா பாராலிம்பிக் செப்டம்பர் 14 அன்று முடிந்தது. மறுநாள் மாட்ரிட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பாராலிம்பிக் தொடங்கியது. வேறு ஊர், வேறு நாள். தனிப் பந்தி என்றால் நமக்குப் புரியும். 1996 அட்லாண்டாவில் முதன்முறையாக மற்றவர்களோடு ஒரே பந்தியில், தடகளத்திலும் நீச்சலிலும் மட்டும் இடம் கிடைத்தது. 2000 சிட்னியில் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ், கூடைப்பந்து என நான்காக உயர்ந்தது.

அந்தக் கூடைப்பந்தின் இறுதிப் போட்டியில் ஸ்பெயின் ரஷ்யாவை 87–63 என்று வென்றது. ஸ்பெயின் பத்திரிகைகளில் அணியின் படம் வந்தது. படத்தைப் பார்த்த சிலருக்கு அந்த முகங்களை ஏற்கெனவே தெரிந்திருந்தது. நாடு திரும்பும் வீரர்களைத் தொப்பி போட்டு, தாடி வளர்த்து, முகம் தெரியாமல் வரச் சொன்னார்கள் என்று பின்னாளில் செய்தி வெளியானது.

அணியில் இருந்த கார்லோஸ் ரிபாகோர்தா ஒரு பத்திரிகையாளர். உண்மையை வெளிக்கொண்டு வரவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த அணியில் ஆடியிருந்தார். போட்டி முடிந்ததும் 'கேப்பிட்டல்' என்ற இதழில் எழுதினார். தனக்கு எந்த அறிவுத்திறன் சோதனையும் நடக்கவில்லை, சில தண்டால் எடுக்கச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்ததோடு சரி என்றார். ஒரு ஆட்டத்தில் ஸ்பெயின் மிக அதிகமாக முன்னிலை பெற்றுவிட்டது. இப்படி ஆடினால் கண்டுபிடித்துவிடுவார்கள், கொஞ்சம் மெதுவாக ஆடுங்கள் என்று பயிற்சியாளர் எச்சரித்ததாகவும் எழுதினார். விசாரணையில் உண்மை வெளிவந்தது. பன்னிரண்டு வீரர்களில் பத்துப் பேருக்கு அறிவுசார் குறைபாடே இல்லை.

இதற்குப் பின்னால் இருந்தவர் ஃபெர்னாண்டோ மார்டின் விசென்டே. ஸ்பெயினில் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவர். உலக அளவில் இனாஸ் அமைப்புக்கும் அவரே தலைவர். யாருக்குத் தகுதி உண்டு என்று சான்று கொடுக்கும் இடத்திலேயே பொய்ச் சான்றின் பயனாளி உட்கார்ந்திருந்தார். பதக்கம் கூடினால் மானியம் கூடும், விளம்பரதாரர்கள் வருவார்கள். அதற்காக உண்மையான பிள்ளைகளின் இடத்தில் ஆரோக்கியமான, படித்த, வேலையில் இருக்கும் ஆண்களை நிறுத்தினார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது பத்துப் பேர் அல்ல, மீதி இரண்டு பேர். அவர்களுக்கு நிஜமாகவே அறிவுசார் குறைபாடு இருந்தது. தங்களோடு ஆடுகிறவர்கள் யார் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நேர்மையாக ஆடி ஜெயித்தார்கள். அணியின் தங்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது அவர்கள் கழுத்திலிருந்ததும் சேர்ந்தே போனது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள் தோழர்களே. சர்வதேச பாராலிம்பிக் குழு இனாஸை இடைநீக்கம் செய்தது. ஸ்பெயின் மட்டுமல்ல, பல நாடுகளின் சான்றிதழ் முறையும் ஓட்டையாக இருந்தது என்று விசாரணை சொன்னது. இதை மறைக்கத் தேவையில்லை, முறை சரியில்லைதான். அப்படியென்றால் முறையைத் திருத்த வேண்டும், ஏமாற்றியவர்களை நீக்க வேண்டும். குழு எடுத்த முடிவோ அறிவுசார் குறைபாடு உள்ள எல்லோரையும், எல்லா நாட்டையும், எல்லா விளையாட்டையும் வெளியே தள்ளியது. 2004 ஏதென்ஸிலும் 2008 பீஜிங்கிலும் அவர்களுக்குப் பதக்கப் போட்டிகள் இல்லை. ஓட்டப் பந்தய வீரருக்குப் பன்னிரண்டு ஆண்டு என்பது கிட்டத்தட்ட முழு விளையாட்டு வாழ்க்கை. சிட்னியில் இருபது வயதில் ஓடியவருக்கு அடுத்த வாய்ப்பு வரும்போது முப்பத்திரண்டு.

அதே சிட்னியில் வலுதூக்கும் வீரர்கள் பலர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினார்கள். அவர்கள் தனித்தனியாகத் தண்டிக்கப்பட்டார்கள். வலுதூக்குதல் பாராலிம்பிக்கில் தொடர்ந்தது. ஊக்கமருந்து சாப்பிட்டவரின் குற்றம் அவரோடு நின்றது. அறிவுசார் குறைபாடு இல்லாதவர்கள் செய்த குற்றம் மட்டும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தலையில் விழுந்தது. ஏன் இந்த வேறுபாடு? என் பதில் இது: வலுதூக்கும் வீரர் அங்கே இருப்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இவர்கள் அங்கே இருப்பதே ஒரு சலுகை என்ற எண்ணம் முதலிலிருந்தே இருந்தது. சலுகையாகக் கருதப்படுவதைத் திரும்பப் பெறுவதற்குப் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை.

இது நமக்குப் புதிய கதையா? 2024-இல் ஒரு பயிற்சி ஐஏஎஸ் அதிகாரி பொய்யான மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த சில நாட்களில் உயர் பதவியில் இருப்பவர்களே, அந்தப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கீடு எதற்கு என்று பொதுவெளியில் கேட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர், கேள்வி கேட்கப்பட்டதோ அந்த ஒதுக்கீட்டில் உண்மையாகவே வரக்கூடிய எல்லோரிடமும். போலிப் பழங்குடிச் சான்றிதழ் விவகாரத்திலும் இதைத்தான் பார்க்கிறோம். 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. போலிகளைத் தடுக்க அது தேவைதான். ஆனால் இன்று எந்தத் தாலுகா அலுவலகத்திலும் போய்ப் பாருங்கள், தான் யார் என்று நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைவது உண்மையான இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்கள்தான். பொய் சொன்னவர் வக்கீல் வைத்துக்கொள்வார்.

மார்டின் விசென்டேயும் வைத்துக்கொண்டார். வழக்கு முடிய 2013 ஆனது. அவருக்கு 5,400 யூரோ அபராதம். பெற்ற மானியத்தில் ஏறத்தாழ 1,42,000 யூரோவைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட மற்ற பதினெட்டுப் பேர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. சிறைக்கு யாரும் போகவில்லை.

வெளியே தள்ளப்பட்டவர்கள் திரும்பி வந்த வழி எளிதானதல்ல. அறிவுத்திறன் குறைவு ஓட்டத்தையோ நீச்சலையோ எப்படிப் பாதிக்கிறது, நிரூபியுங்கள் என்று கேட்டார்கள். கால் இல்லாதவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. பெல்ஜியத்தின் லூவன், இங்கிலாந்தின் கேன்டர்பரி போன்ற இடங்களின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அவர்கள் கண்டது சுவாரசியமானது. 1500 மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரலும் காலும் மட்டும் போதாது. மூன்றே முக்கால் சுற்றுக்கும் உடம்பில் உள்ள சக்தியைப் பங்கிட வேண்டும். முதல் சுற்றிலேயே தீர்த்துவிடக்கூடாது, பக்கத்தில் ஓடுகிறவர் வேகம் கூட்டினால் பின்தொடர்வதா விடுவதா என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும். இந்தப் பங்கீட்டில்தான் அறிவுசார் குறைபாடு குறுக்கே வருகிறது. டேபிள் டென்னிஸில் எதிராளியின் மட்டை அசைவைப் பார்த்துப் பந்து எப்படிச் சுழலும் என்று ஊகிப்பதும் அப்படித்தான்.

இந்த ஆய்வுகளின்மேல் புதிய முறை எழுந்தது. அறிவுத்திறன் அளவு 75-க்கு மேல் இருக்கக்கூடாது. அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதில் தெளிவான சிரமம் இருக்க வேண்டும். இது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். இத்தனைக்கும் ஆவணம் கொடுத்த பிறகு, அந்தந்த விளையாட்டுக்கென்று தனிச் சோதனை. அதன்பின் போட்டியிலும் கவனிப்பார்கள். 2009 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய பாராலிம்பிக் பொதுக்குழு இவர்களை மீண்டும் சேர்க்க வாக்களித்தது. 2012 லண்டனில் ஏறத்தாழ 4,200 பேர் கலந்துகொண்ட பாராலிம்பிக்கில் சுமார் 120 பேருக்கு இடம் கிடைத்தது. தடகளத்தில் 1500 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் மட்டும். நீச்சலில் 200 மீட்டரில் பிரிட்டனின் ஜெசிக்கா ஜேன் ஆப்பிள்கேட் தங்கம் வென்றார்.

கதவு திறந்தது, ஆனால் ஒருக்களித்துத்தான். உடல் குறைபாடு உள்ள நீச்சல் வீரர்களுக்குக் குறைபாட்டின் அளவுக்கேற்பப் பத்து வகுப்புகள் வரை உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ள எல்லோருக்கும் சேர்த்து ஒரே வகுப்பு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசை, இதயம் சார்ந்த சிரமங்களும் கூடவே இருக்கும். அவர்களும் அதே தடத்தில் அதே நேரத்தோடுதான் மோத வேண்டும். நடைமுறையில் அவர்களுக்குப் பாராலிம்பிக் இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களுக்கான ஒரு இடத்துக்குள்ளேயும் கடைசியில் நிற்பவர் வெளியே நிற்பதை நம் இயக்கங்களிலும் பார்த்திருக்கிறோம்.

தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்தில் கல்லேடா என்று ஒரு கிராமம். தீப்தி ஜீவன்ஜி அங்கே கூலி வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்தார். ஊரார் அவரைக் குரங்கு என்றும் பைத்தியம் என்றும் கேலி செய்தார்கள். அநாதை இல்லத்தில் விட்டுவிடச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுரையும் சொன்னார்கள். பெற்றோர் விடவில்லை. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் கண்ணில் பட்டு, எந்தக் குறைபாடும் இல்லாத பிள்ளைகளோடு சாதாரணப் போட்டிகளில்தான் அவர் முதலில் ஓடினார். பயிற்சியாளர் நாகபுரி ரமேஷ் அவரைக் கவனித்துப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். அதன்பின் சோதனைகள் முடித்து, சர்வதேச வகைப்பாட்டையும் தாண்டி, டி20 என்ற வகுப்புக்குள் வந்தார்.

லண்டனில் டி20-க்கு 400 மீட்டர் ஓட்டமே இல்லை. 2016 ரியோவில்தான் சேர்த்தார்கள். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் தீப்தி அந்த 400 மீட்டரை 55.07 நொடியில் ஓடி, அமெரிக்காவின் பிரியானா கிளார்க் வைத்திருந்த உலக சாதனையை முறியடித்தார். செப்டம்பர் 3, பாரிஸ் பாராலிம்பிக் இறுதிப் போட்டி. உக்ரைனின் யூலியா ஷுலியார் 55.16 நொடி, துருக்கியின் அய்செல் ஓண்டர் 55.23, தீப்தி 55.82. மூன்றாவது. பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற அறிவுசார் குறைபாடு உள்ள முதல் இந்தியர் அவர்.

என் கையைப் பிடித்துக் கேட்ட பையனிடம் அடுத்த முறை பார்த்தபோது தீப்தி ஓடிய காணொளியைப் போட்டுக் காட்டினேன். "மூணாவதா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்போ அவங்களுக்கு நேரம் பார்த்தாங்களா?" என்று கேட்டான். நொடியை நூறாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்றேன்.

பிறகு, கூடைப்பந்து இருக்கிறதா என்று கேட்டான். அவன் பள்ளியில் ஒரு வளையம் மாட்டியிருக்கிறார்கள். பாராலிம்பிக்கில் இல்லை. பாரிஸிலும் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் என 2012-இல் திறந்த அதே மூன்றுதான். சிட்னிக்குப் பிறகு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்து அந்தப் பட்டியலுக்குத் திரும்பவே இல்லை.